சாட்சியா, மனுவா? துன்பத்தை வென்ற இசைஞரைக் கூறும் ஆவணப்படங்கள்: ஒரு திறனாய்வு

நம் திருச்சபைகளின் இளைஞர் கூட்டங்களிலும் ஆயர் கருத்தரங்குகளிலும் ஆவணப்படங்களைத் திரையிட்டுச் சிந்திக்கும் பழக்கம் பரவியுள்ளது. அவற்றுள் இசைக்கலைஞரின் வாழ்க்கையைக் கூறும் படங்களுக்குத் தனி வரவேற்பு உண்டு. வறுமை, நோய், இழிவு, புறக்கணிப்பு ஆகியவற்றினிடையே பிறந்த ஒருவர், தம் குரலாலோ கருவியாலோ அவற்றை மேற்கொண்டு மேடையேறுகிறார். பார்ப்போர் கண்கலங்குகின்றனர். படம் முடிந்ததும் ஒருவர் எழுந்து, விசுவாசமும் விடாமுயற்சியும் இருந்தால் எதையும் வெல்லலாம் என்று கூறி ஜெபித்து முடிக்கிறார்.

இவ்வகைப் படங்கள் நமக்கு எளிதில் பிடித்துப்போவதற்குக் காரணம் உண்டு. நாம் சிறு வயது முதல் கேட்டுப் பழகிய ஒரு வடிவத்தை அவை பின்பற்றுகின்றன. அதுவே சாட்சி. முன்பு நான் இருந்த நிலை இது, இடையில் நேர்ந்த மாற்றம் இது, இன்று நான் அடைந்துள்ள நிலை இது என்னும் மூன்று படிகளால் அமைந்தது சாட்சி. அது முடிந்துபோன துன்பத்தைப் பற்றியது. கேட்போர் செய்ய வேண்டியது நன்றி கூறுவது ஒன்றே.

துன்பத்தை எடுத்துரைக்கும் வேறொரு வடிவமும் உண்டு. வேங்கிக்காலில் இருப்போர் அதை வாரந்தோறும் காணலாம். திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இவ்வூரில்தான் அமைந்துள்ளது. திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளன்று, செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம் முதலிய பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து மக்கள் பேருந்தேறி வந்து, கையில் ஒரு தாளுடன் வரிசையில் நிற்பர். அந்தத் தாளில் இருப்பதும் துன்பக்கதையே. ஆனால் அதன் இலக்கணம் வேறு. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று அது தொடங்குகிறது. நேர்ந்தது என்ன, எவரால் நேர்ந்தது, எந்த நாளில் நேர்ந்தது என்பதைக் கூறுகிறது. இன்னது செய்து தருமாறு கேட்டு முடிகிறது. சாட்சி முடிந்த கதை; மனு முடியாத கதை. சாட்சியைக் கேட்பவர் மகிழ்ந்து வீடு திரும்பலாம். மனுவைப் பெறுபவரோ பதில் கூறக் கடமைப்பட்டவர்.

துன்புற்ற இசைஞரைப் பற்றிய ஒவ்வோர் ஆவணப்படத்தையும் நோக்கி நாம் எழுப்ப வேண்டிய கேள்வி இதுவே: இப்படம் சாட்சியா, மனுவா? மனுவாக எழுந்த குரலைச் சாட்சியாக மாற்றிக் கேட்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியுள்ளது என்பதும், அப்பழக்கத்தைக் களைவது ஒரு இறையியல் கடமை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

1. வெற்றிக்கதை விட்டுச்செல்வது

உலகெங்கும் பேசப்பட்ட ஒரு படத்தை முதலில் நோக்குவோம். 2012இல் வெளிவந்த 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' என்னும் ஆவணப்படம் மறு ஆண்டில் ஆஸ்கர் விருது பெற்றது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மெக்சிகோவிலிருந்து குடியேறிய உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்த ரோட்ரிகஸ் என்னும் பாடகரைப் பற்றியது அப்படம். 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் அவருடைய இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன. தாய்நாட்டில் அவை விலைபோகவில்லை. அவர் கட்டடங்களை இடிக்கும் கூலிவேலைக்குச் சென்றார். ஆனால் நிறவெறி ஆட்சியின் கீழிருந்த தென்னாப்பிரிக்காவில் அவருடைய பாடல்கள், அவர் அறியாமலேயே, ஒரு தலைமுறையின் பாடல்களாயின. அவர் இறந்துவிட்டார் என்றே அங்குப் பலரும் நம்பினர். பின்னர் அவர் உயிருடன் இருப்பது தெரியவந்தது. 1998இல் அவர் அந்நாட்டுக்குச் சென்று பெருங்கூட்டத்தின்முன் பாடினார். படம் இதை ஏறத்தாழ ஓர் உயிர்த்தெழுதலாகவே சித்திரிக்கிறது.

படத்தின் உருக்கத்தை நாம் மறுக்கவில்லை. எனினும் அது சொல்லாமல் விட்ட செய்தியொன்று உண்டு. ரோட்ரிகஸ் 1979இலும் 1981இலும் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று அங்கே தம்மை விரும்பிய மக்கள்முன் பாடியவர். அச்செய்தி படத்தில் இடம்பெறவில்லை. இடம்பெற்றிருந்தால், முற்றிலும் மறக்கப்பட்டவர் திடீரென மீண்டார் என்னும் கதையின் வளைவு சற்று மழுங்கியிருக்கும். தென்னாப்பிரிக்காவில் விற்ற இசைத்தட்டுகளின் பணம் யாரிடம் சேர்ந்தது என்னும் கேள்வியையும் படம் ஓரிடத்தில் எழுப்புகிறது. ஆனால் விடையைத் தொடராமல் மகிழ்ச்சியான முடிவை நோக்கி நகர்ந்துவிடுகிறது. ஒரு மனுவின் முதல் வரியாக அமைந்திருக்க வேண்டிய கேள்வி, சாட்சியின் ஓட்டத்தில் கரைந்துபோகிறது.

திருமறையில் யோபுவின் வரலாற்றையும் நாம் இவ்வாறே வாசித்து வருகிறோம். முதல் இரண்டு அதிகாரங்களையும் கடைசி அதிகாரத்தையும் இணைத்துப் படித்தால் அது சிறந்ததொரு சாட்சி. இழந்தவர் இருமடங்காகப் பெற்றார் என்று பிரசங்கிக்க ஏற்றது. ஆனால் நூலின் பெரும்பகுதி இடையில் உள்ளது. அங்கே யோபு வழக்காடுகிறார். தம் வழக்கு எழுதப்பட வேண்டும் என்கிறார். 31ஆம் அதிகாரத்தில் தம் கையொப்பத்தை இட்டு, எதிராளி பதில் கூறட்டும் என்று நிற்கிறார். அவருடைய நண்பர்கள் அவரிடமிருந்து ஒரு சாட்சியை எதிர்பார்த்தனர். அவர் கொடுத்ததோ மனு. இறுதியில் கடவுள் குறைகூறியது மனு எழுதியவரை அன்று. சாட்சி கேட்ட நண்பர்களையே. மேலும், ஈற்றில் பிறந்த பிள்ளைகள் இறந்துபோன பிள்ளைகள் அல்லர் என்பதையும் நாம் மறத்தலாகாது. எந்த இருமடங்கும் அந்தப் பத்துப் பேரை மீட்டுத் தரவில்லை.

2. பறையும் நம் சபைகளும்

இனி நம் மண்ணுக்கு வருவோம். தமிழகத்தில் இசையும் இழிவும் ஒருங்கே பிணைக்கப்பட்ட கருவி பறை. சங்க நூல்களில் ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணப்பட்ட கருவி, பின்னாளில் சாவுவீட்டோடும் தீட்டோடும் கட்டப்பட்டது. அதை அடிப்பது ஒரு சாதியாரின் கலையாக மட்டுமன்றி, கட்டாய ஊழியமாகவும் ஆக்கப்பட்டது. ஊரில் சாவு விழுந்தால் அழைப்பின்றியே சென்று அடிக்க வேண்டும்; மறுக்கலாகாது. ஆகவே பறையைப் பற்றிப் பேசுவோர் இரண்டு உண்மைகளை ஒருசேரப் பற்றிக்கொள்ள வேண்டும். பறை ஓர் அரிய கலை. பறையடித்தல் ஓர் அடிமைக்கட்டு.

இந்த இரண்டாம் உண்மையால்தான் பறையைக் கீழே வைப்பதே விடுதலையாயிற்று. ஆற்காட்டுப் பகுதிகளில் டேனிஷ் மிஷன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பணி தொடங்கிய காலமுதல், ஒடுக்கப்பட்ட மக்கள் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களின் வழிவந்தோரே இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் பெரும்பகுதியினர். மிஷனெரிகள் பறையைப் பிற தெய்வ வழிபாட்டின் கருவியாகக் கண்டு விலக்கினர். மக்களோ அதை அடிமைத்தனத்தின் அடையாளமாகக் கண்டு விலகினர். இரு விலகல்களும் வெளித்தோற்றத்தில் ஒன்று, உட்பொருளில் வேறு. திருச்சபைக்கு வெளியிலும் இவ்விலகல் ஓர் இயக்கமாக எழுந்தது. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் முன்னின்று நடத்திய பறையொழிப்புக் கிளர்ச்சி அதற்குச் சான்று. பறையடிக்க மறுத்த ஊர்களில் மக்கள் அடிபட்டனர், ஒதுக்கி வைக்கப்பட்டனர் என்பது வரலாறு.

ஆனால் பறை வெளியேறிய இடத்தில் நம் ஆலயங்களுக்குள் வந்தது என்ன? ஒருபுறம் மேனாட்டு ஞானப்பாட்டுகள். மறுபுறம் கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனைகள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் நம் வழிபாட்டுக்குத் தந்த செல்வம் பெரிது. எனினும் சாதி வழக்கங்களை ஒழிக்க முனைந்த மிஷனெரிகளை அவர் எதிர்த்தார் என்பதும் மறைக்க இயலாதது. வயலில் நடவு நட்ட பெண்ணின் மெட்டுக்கும், சாவுவீட்டில் ஒப்பாரி வைத்த தாயின் குரலுக்கும் பலிபீடத்தருகே இடமில்லாது போயிற்று.

இதை ஒரு இறையியல் சிக்கலாகக் கண்டு எழுதியும் பாடியும் வந்தவர் மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940-2005). பரட்டை அண்ணன் என்னும் பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் பாடல்களையும், முழுமையான ஒரு கிராமிய இசை வழிபாட்டையும் அவர் உருவாக்கினார். பாமர மக்கள் தம் விருப்பப்படி மாற்றிப் பாடக்கூடிய இசையே அவர்களுக்கு விடுதலை தரும் என்பது அவருடைய கொள்கை. எழுத்தும் பணமும் பயிற்சியும் கேட்கும் இசை அவற்றை உடையோரின் கையிலேயே இருக்கும். கேட்டதும் பாடவும், பாடும்போதே திருத்தவும் இடந்தரும் இசை மட்டுமே இல்லாதோரின் கையில் தங்கும் என்றார். ஒரே உலையில் பொங்கி அனைவரும் உண்ணும் சோற்றை அவர் நற்கருணைக்கு ஒப்பிட்டதும் இந்த நோக்கினாலேயே. அவர் காலத்தில் தொடங்கிய இந்தச் சிந்தனையே பின்வந்த இரு ஆவணப்படங்களுக்கும் வேராக அமைந்தது.

3. ஷெரினியனின் இரு படங்கள்

அமெரிக்க இசையியல் ஆய்வாளர் ஸோயி ஷெரினியன், அப்பாவுவிடம் பயின்றவர்; அவருடைய இசையைக் குறித்து 2014இல் ஒரு நூலை வெளியிட்டவர். அவர் இயக்கிய 'திஸ் இஸ் எ மியூசிக்' என்னும் ஆவணப்படம் 2011இல் வெளிவந்தது. தென் தமிழகத்து முனைவென்றி என்னும் சிற்றூரின் 'குறிஞ்சி மலர்' என்ற பறைக்குழுவினரைப் பற்றியது அது. 'இதுவும் இசையே' என்னும் பொருள்படும் தலைப்பே ஒரு வாதம். பறையொலியை இரைச்சல் என்று தள்ளிய செவிகளை நோக்கி அது பேசுகிறது.

இப்படத்தின் தகுதி, ஆய்வாளர் தம்மை வைத்துக்கொண்ட இடத்தில் உள்ளது. அவர் இக்குழுவினரிடம் பறை பயின்றவர். கருவியை வைக்கோல் தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றுவது முதல், ஒரு கையில் சிண்டுக்குச்சியும் மறு கையில் அடிக்குச்சியும் பிடித்து அடிவகைகளை ஒலிப்பது வரை, கற்பிப்போர் பறைஞர். கற்பவர் பல்கலைக்கழகப் பேராசிரியர். யார் ஆசிரியர், யார் மாணவர் என்பது தலைகீழாகும்போது இழிவு என்னும் கட்டடத்தின் ஒரு தூண் அசைகிறது. இரக்கப்படுவோரின் நோக்கிலிருந்து விலகி, கற்றுக்கொள்வோரின் நோக்குக்குப் படம் நம்மை இட்டுச்செல்கிறது.

ஆயினும் இப்படத்தைக் காணும் நம் சபையார் ஒரு கேள்வியைத் தாமாகவே எழுப்பிக்கொள்ள வேண்டும். 'இது இசை' என்று ஏற்றுக்கொண்டவுடன் மனு முடிந்துவிடுகிறதா? 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் விழாவுக்குப் பின் பறை நகர மேடைகளில் ஒலிக்கிறது. 2025இல் மதுரைப் பகுதியின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இவை நாம் மகிழ வேண்டிய செய்திகள். ஆனால் கருவிக்குக் கிடைத்த மதிப்பு அதை அடித்த கைகளுக்கும், அக்கைகளுக்குரியோர் வாழும் தெருவுக்கும் கிடைத்துவிட்டதாக எண்ணுவது தவறு. மேடையில் பறையைக் கேட்டுக் கைதட்டுகிறவர், தம் ஊரில் அதே பறைஞரின் மகளுக்கு வீட்டை வாடகைக்குத் தருவாரா என்பதே உண்மையான சோதனை. பறையை மறுத்துக் கீழே வைத்த முன்னோர்க்கும், அதை மீண்டும் எடுத்த இன்றையோர்க்கும் இடையே முரண் இல்லை என்பதையும் நாம் உணர வேண்டும். இருவரும் கேட்டது ஒன்றே: அடிப்பதா வேண்டாமா என்பதை நாங்களே முடிவு செய்வோம்.

ஷெரினியனின் மற்றொரு படம் 'சக்தி வைப்ரேஷன்ஸ்'. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா நிறுவிய சக்தி கலைக்குழுவைப் பற்றியது அது. படிப்பு இடைநின்ற தலித் இளம்பெண்கள் அங்கே தையலும் சமுதாய அறிவும் பறையாட்டமும் பயில்கின்றனர். வழிவழியாக ஆண்களே அடித்த கருவியை, சாதியால் ஒருமுறையும் பெண் என்பதால் மறுமுறையும் ஒடுக்கப்பட்டோர் கையில் எடுக்கின்றனர்.

இங்கே உடலே செய்தியாகிறது என்பதை நாம் சிறப்பாகக் குறிப்பிட விரும்புகிறோம். தலைகுனிந்து நடக்கவும், குரலை அடக்கிப் பேசவும், இடத்தைக் குறைத்துக்கொண்டு நிற்கவும் பழக்கப்பட்ட உடல், பறையை இடையில் ஏந்தியவுடன் அவ்வாறு நிற்க இயலாது. கால்களை அகற்றி ஊன்ற வேண்டும்; தோள்களை நிமிர்த்த வேண்டும்; அடவு மாறும்போது பிறரைக் கண்ணோடு கண் நோக்க வேண்டும். நம் பிரசங்கங்கள் 'நீ கடவுளின் சாயல்' என்று காதுக்குச் சொல்வதை, பறையாட்டம் முதுகெலும்புக்குச் சொல்கிறது.

எனினும் எளிதில் சாட்சியாகத் திரிந்துபோகக்கூடிய படமும் இதுவே. தாழ்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள் என்று மகிழ்வதோடு நாம் நின்றுவிடலாம். அவளைக் குனிய வைத்தவர் யார்? அவள் பள்ளியைவிட்டு நின்றதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? காயத்தைக் கட்டுவது வேறு, காயப்படுத்திய கையைத் தடுப்பது வேறு. ஒரு நிறுவனம் முன்னதை எத்துணைச் சிறப்பாகச் செய்தாலும் பின்னது மீந்தே நிற்கும். பயிற்சியில் இசையோடு சமுதாய அறிவும் சேர்க்கப்பட்டிருப்பது இவ்வுண்மையை அங்குள்ளோர் அறிவர் என்பதைக் காட்டுகிறது. பார்க்கும் நாமும் அறிய வேண்டும்.

4. உயர்வு என்பது எது?

ஆவணப்படம் அன்றாயினும், இங்கே ஒப்புநோக்கத் தக்க கதைப்படம் ஒன்று உண்டு. ராஜீவ் மேனன் இயக்கி 2019இல் வெளிவந்த 'சர்வம் தாள மயம்' படத்தில், மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பத்து இளைஞன் மிருதங்கம் வாசிக்க விழைகிறான். தடைகளைக் கடந்து வெல்கிறான். மாட்டுத்தோலைப் பதப்படுத்தி, வார்பிடித்து, சுருதி சேர்த்துக் கருவியைப் பிறப்பிப்போர் மேடையில் அதைத் தொடுவதற்கு உரியவராகக் கருதப்படவில்லை என்னும் உண்மையைப் பொதுமக்கள் திரையில் கண்டது நன்று. இதே உண்மையை டி. எம். கிருஷ்ணா தம் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்தார். 2020இல் அந்நூலின் வெளியீட்டு விழாவுக்கு ஒப்புதல் தந்திருந்த கலாக்ஷேத்ரா, பின்னர் அதைத் திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடைபெற்றது.

இப்படத்தின் வெற்றியிலுள்ள கருத்து யாது? ஒருவன் தன் தந்தையின் பணியிலிருந்து மேடைக்கு ஏறுவதே உயர்வு. அவ்வாறாயின் கருவி செய்வது தாழ்வா? ஏணியின் மேற்படிக்கு ஒருவன் சென்றதைக் கொண்டாடும்போது, ஏணி இருக்கவே வேண்டும் என்பதை நாம் ஒத்துக்கொள்கிறோம். மரியாளின் பாடல் என நாம் மாலை ஆராதனையில் பாடும் பாடல், தாழ்ந்தோர் உயர்வதை மட்டும் கூறவில்லை. பலவான்கள் ஆசனங்களிலிருந்து இறக்கப்படுவதையும் கூறுகிறது. முதற்பாதியை மட்டும் படமாக்கினால் எல்லாருக்கும் பிடிக்கும்.

இதற்கு மாறான ஒரு வழியை அம்ஷன் குமார் இயக்கிய 'யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி: எல்லை கடந்த இசை' காட்டுகிறது. 2015ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில், கலை பண்பாட்டுப் பிரிவில் விருது பெற்ற படம் அது. ஈழத்தின் தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்து, 42 வயதை எட்டுமுன்னரோ எட்டிய அளவிலோ, 1975இல் மறைந்தவர். அவருக்குப் பின் அம்மண்ணைப் போர் சூறையாடியது. இப்படம் அவரை வென்றவராகவும் காட்டவில்லை, வீழ்ந்தவராகவும் காட்டவில்லை. எஞ்சிய ஒலிப்பதிவுகளையும் எஞ்சியோரின் நினைவுகளையும் சேர்த்து வைத்து, செவிகொடுக்கச் சொல்கிறது. ஒரு கலைஞரை அவர் பட்ட துன்பத்தின் அளவால் அன்றி, அவர் செய்த கலையின் அளவால் மதிப்பதும் நீதியே என்பதை இதனால் அறிகிறோம். ஒடுக்கப்பட்ட கலைஞர்க்குப் பெரும்பாலும் மறுக்கப்படும் நீதியும் இதுவே. அவர்களிடம் நாம் கண்ணீர்க் கதையைக் கேட்கிறோம். தாளக் கணக்கைக் கேட்பதில்லை.

5. வெல்லாத பாடகர்

வெற்றிக்கதையின் இலக்கணத்தை முற்றிலும் மறுத்து நிற்கும் படம் ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்'. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில், அம்பேத்கர் சிலை இழிவுபடுத்தப்பட்டதை எதிர்த்துத் திரண்ட தலித் மக்கள்மீது காவலர் சுட்டனர். 10 பேர் மாண்டனர். சில நாள்களுக்குப் பின், மராத்திய மக்கள் பாடகர் விலாஸ் கோக்ரே தம் இல்லத்தில் தூக்கிட்டு இறந்தார். பட்வர்தனின் முந்தைய படமொன்றில் பாடியவர் அவர். தம் நண்பர் ஏன் இறந்தார் என்னும் கேள்வியோடு புறப்பட்ட இயக்குநர், 14 ஆண்டுகள் படம் எடுத்தார். 2011இல் நிறைவுற்ற அப்படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுவது.

இங்கே பாடகர் வெல்லவில்லை. படத்தின் தொடக்கத்திலேயே அவர் இறந்துவிட்டார். மேடை இல்லை, விருது இல்லை, இருமடங்காகப் பெற்ற ஈற்றதிகாரமும் இல்லை. ஆனால் அவருடைய இறப்பு தனிமனிதச் சோகமாகவும் விடப்படவில்லை. துப்பாக்கிச் சூட்டின் விசாரணை, வழக்கு, தீர்ப்பு ஆகியவற்றைப் படம் ஆண்டாண்டாகத் தொடர்கிறது. 2009இல் விசாரணை நீதிமன்றம் காவல் அதிகாரி ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்ததும், மேல்முறையீட்டில் அவர் பிணையில் வெளிவந்ததும் அத்தொடரில் அடங்கும். இது மனுவின் இலக்கணம். நாள் உண்டு, இடம் உண்டு, பெயர் உண்டு, கேட்கப்படும் நீதி உண்டு.

அப்படத்தில் பாட்டு நிற்கவில்லை என்பதும் கருதத்தக்கது. சேரிகளில் பெண்களும் முதியோரும் அம்பேத்கரைப் பாடுகின்றனர். இறுதியில் புனேயின் கபீர் கலா மஞ்ச் இளைஞர் பாடுகின்றனர். பின்னர் அவர்களும் காவல்துறையின் நெருக்கடியால் தலைமறைவாக நேர்ந்தது. 2013இல் அக்குழுவின் பாடகி சீத்தல் சாத்தே சரணடைந்தார். ஒருவர் மேலேறினார் என்பதற்குப் பதில், ஒருவர் விட்ட பாட்டை மற்றொருவர் எடுத்தார் என்பதே இப்படத்தின் நம்பிக்கை. அது மலிவான நம்பிக்கை அன்று. ஆயினும் அது நம்பிக்கையே. பரிசுத்தவான்களின் ஐக்கியம் என்று நாம் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுவதற்கு இது அயலானதன்று என்று துணிந்து கூறுவோம்.

6. திருச்சபை எவ்வாறு பார்க்க வேண்டும்?

137ஆம் சங்கீதத்தில், சிறைப்பட்டோரிடம் பாட்டுக் கேட்டவர்கள் யார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களைச் சிறைப்பிடித்தவர்களே கேட்டனர். துன்புற்றோரின் இசையைக் கேட்டு மகிழ்வது தன்னளவில் அன்பின் அடையாளம் ஆகிவிடாது. ஆகவே திரைக்கு முன் அமரும்போது நாம் எந்தப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறோம் என்பதை அறிந்தே அமர வேண்டும். தனிக் கல்லறைத் தோட்டமும், பெண் கொடுக்கல் வாங்கலில் சாதியும் இன்னும் நீங்காத சபைகள் நம்மிடையே உண்டு. அங்கே ஒரு பறைஞரின் படத்தைக் காட்டிக் கண்ணீர் விடுவது, பாபிலோனின் ஆற்றங்கரையில் பாட்டுக் கேட்டதற்கு ஒப்பாகும்.

யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீடர் பாவம் செய்தவர் யார் என்று கேட்டனர். அங்கே ஆண்டவர் அக்கேள்வியை விலக்கினார். ஆனால் எல்லாத் துன்பத்துக்கும் அவ்விடையைப் பொருத்துவது நேர்மையன்று. நோய் வேறு, தீண்டாமை வேறு. கண்ணில்லாத பாடகரைப் பற்றிய படத்தில் பாவம் செய்தவர் யார் என்று கேட்பது கொடுமை. சேரிப் பாடகரைப் பற்றிய படத்தில் அதைக் கேளாதிருப்பதே கொடுமை. 'துன்பத்தை வென்றவர்' என்னும் ஒரே தலைப்பின்கீழ் இவ்விரு வகைகளையும் சேர்த்துவிடுவது இன்றைய ஆவணப்படங்களின் பெருங்குறை. அவ்வாறு சேர்க்கும்போது சாதி ஒரு நோய்போலவும் விபத்துபோலவும், எவரும் செய்யாமல் தானே நேர்ந்த ஒன்றாகத் தோன்றிவிடுகிறது.

மனுவுக்கு வலிமை உண்டு என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உள்ளது. தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், தலைமுறைகளாகத் தடுக்கப்பட்டிருந்த தலித் மக்கள் 2023 ஜனவரி 30 அன்று முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். அலுவலர் முன்னிலையிலும் காவல் பாதுகாப்பிலும் அது நிகழ்ந்தது. அவர்கள் எதையும் தனியாக 'வென்று' காட்டித் தகுதி பெற்று நுழையவில்லை. உரிமையைக் கேட்டனர், பதில் கூறக் கடமைப்பட்டோர் பதில் கூற நேர்ந்தது. லூக்கா 18ஆம் அதிகாரத்து விதவையை ஆண்டவர் ஜெபத்துக்கு எடுத்துக்காட்டாக வைத்ததும் இதனாலேயே. அவள் சாட்சி கூறவில்லை. திரும்பத் திரும்ப மனு கொடுத்தாள்.

அவ்வாறாயின் சாட்சிக்குத் திருச்சபையில் இடமில்லையா? உண்டு. ஆனால் சாட்சியின் அளவுகோல் உயிர்த்த ஆண்டவரே. யோவான் 20ஆம் அதிகாரத்தில் அவர் சீடர்முன் நின்றபோது கைகளையும் விலாவையும் காட்டினார். உயிர்த்தெழுதல் காயங்களை அழித்துவிடவில்லை. அவற்றைப் பார்த்தே அவரை அறிந்தனர். காயம் தெரியாத வெற்றியைக் காட்டும் படம் எத்துணை அழகாயினும் ஈஸ்டரின் படம் அன்று. காயம் தெரியும்போது, ஆணி அடித்தவர் யார் என்னும் கேள்வியும் உடன் தெரியும். ஆகவே உண்மைச் சாட்சி தன்னுள் மனுவைச் சுமந்தே வரும்.

இப்படங்களைத் திரையிடும் ஆயர்களுக்கும் இளைஞர் தலைவர்களுக்கும் நாம் வேண்டுவது மூன்று. முதலாவது, படம் முடிந்தவுடன் ஜெபித்துக் கலையாமல், இத்துன்பம் எவரால் நேர்ந்தது, இன்னும் தீராதது எது என்னும் இரு கேள்விகளையேனும் சபையில் பேசுவோம். இரண்டாவது, தொலைவிலுள்ள கலைஞரின் படத்தைக் காட்டுமுன் நம் சேகரத்துச் சிற்றூரில் இன்றும் பறையடிக்கும் முதியவரையும், அதை அடிக்க மறுத்த குடும்பத்தாரையும் அழைத்து, உரிய ஊதியத்தோடும் மரியாதையோடும் அமரச் செய்து கேட்போம். அவர்கள் பேச விரும்பாவிட்டால் அந்த மௌனத்தையும் மதிப்போம். மூன்றாவது, பறை நம் ஆலயத்துக்குள் வருமானால், அது அறுவடைப் பண்டிகையின் ஒருநாள் காட்சியாக வராமல், அதை அடிப்போர் சபைக்கமிட்டியிலும் பங்குபெறும் நிலையோடு வரட்டும். கருவிக்கு வாயிலைத் திறந்து, கைகளை வெளியே நிறுத்துவது வழிபாடாகாது.

நல்ல ஆவணப்படம் நம்மை அழவைப்பதோடு நிற்பதில்லை. அது பெறுநர் என்ற இடத்தில் நம் பெயரை எழுதி, ஒரு தாளை நம் கையில் கொடுத்துவிட்டுச் செல்கிறது. அதைப் பெற்றுக்கொண்ட திருச்சபை, பதில் எழுதக் கடமைப்பட்டுள்ளது.